சுவருக்கு முன்னால் கதவு நிலைக்கு நிறம் முடிவு செய்யுங்கள்

வீட்டுக்குள் பெயிண்ட் அடிக்கப் போகிறோம் என்றதும் ஷேடு கார்டை விரித்து வைத்துக்கொண்டு, சுவருக்கு என்ன நிறம் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கதவு, கதவு நிலை, ஜன்னல் சட்டம், தரையோரம் ஓடும் ஸ்கர்ட்டிங், சீலிங்கை ஒட்டி ஓடும் அலங்காரப் பட்டையான கார்னிஸ் இருந்தால் அது, இதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், வெள்ளை அடித்துவிட்டால் போயிற்று என்று விட்டுவிடுவோம். நானும் இரண்டு முறை அப்படித்தான் செய்தேன், இரண்டு முறையும் சுவர் நிறத்தில் ஏதோ குறை என்று நினைத்து அதை மாற்றுவதைப் பற்றியே யோசித்தேன். மூன்றாவது முறை தலைகீழாக ஆரம்பித்து, முதலில் ஓரங்களை முடிவு செய்துவிட்டுச் சுவருக்கு வந்தபோதுதான் அறை சரியாக அமைந்தது. (கதவு, நிலை, சட்டம், ஸ்கர்ட்டிங் எல்லாவற்றையும் சேர்த்து ஓரங்கள் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.)

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, உயரம் 2.7 மீட்டர். நான்கு சுவரும் சேர்ந்து கிட்டத்தட்ட 38 சதுர மீட்டர், அதில் ஒரு கதவும் இரண்டு ஜன்னலும் போனால் 33 மிஞ்சும். ஓரங்கள் எவ்வளவு? 10 சென்டிமீட்டர் உயர ஸ்கர்ட்டிங் சுற்றி ஓடினால் 1.3, கதவின் ஒரு பக்கம் 1.9, நிலையும் ஜன்னல் சட்டங்களும் சேர்ந்து 1.5. மொத்தம் 5 சதுர மீட்டர்கூட வராது. ஆனால் சுவரை ரோலரில் சரசரவென்று ஓட்டிவிடலாம். இந்த 5 சதுர மீட்டருக்கு உப்புத்தாள் போட்டு, ஓட்டைகளுக்குப் பட்டி வைத்து, ப்ரைமர் அடித்து, டேப் ஒட்டி, பிரஷ்ஷில் இரண்டு கோட் இழுக்க வேண்டும். நான்கு வருடத்தில் சுவரை மாற்றத் தோன்றினால் ஒரு சனி ஞாயிறு போதும். ஓரங்களை மாற்ற யாருக்கும் மனசு வராது. அதோடு, பெரும்பாலான வீடுகளில் ஒரே ஓர நிறம்தான் அறைக்கு அறை தொடர்ந்து ஓடுகிறது, சுவர் நிறம்தான் மாறுகிறது. நீண்ட நாள் இருக்கப்போவது எதுவோ அதை முதலில் முடிவு செய்வதுதானே முறை.

இருக்கும் வழிகள் நான்குதான். நிறச் சுவருக்கு வெள்ளை ஓரம். சுவரும் ஓரமும் ஒரே நிறம். வெளிர் சுவருக்கு அடர் ஓரம். மரத்தை மரமாகவே விட்டுவிடுவது. மற்றதெல்லாம் இவற்றின் கிளைகள்.

வெள்ளை ஓரத்தை எல்லோரும் பாதுகாப்பான தேர்வு என்று நினைக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சுவர் நல்ல நடுத்தர நிறமாக, அதாவது சாம்பல் பச்சையோ மண் நிறமோ கொஞ்சம் ஆழமான நீலமோ ஆக இருந்தால் வெள்ளை ஓரம் மிக அழகு. கோடு போட்டது போல அறையின் வடிவம் எழும்பி நிற்கும், ஜன்னலுக்குள் வரும் வெளிச்சம் சட்டத்தில் பட்டு இன்னும் பிரகாசமாகத் தெரியும். பிரச்சினை வருவது சுவரும் வெள்ளைக்குப் பக்கத்து நிறமாக இருக்கும்போது. என் இரண்டாவது முயற்சி அதுதான்: சுவருக்கு இதமான ஐவரி, ஓரங்களுக்குக் கடையில் கிடைத்த பளிச் வெள்ளை. ஷேடு கார்டில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. அடித்து முடித்து டேப்பை உரித்தபோது ஸ்கர்ட்டிங்கின் மேல்விளிம்பில் அந்த ஐவரி, புகை படிந்த வெள்ளை மாதிரி நின்றது. புதுப் பெயிண்ட், மறுநாளே பழசாகத் தெரிந்தது. சுவரில் எந்தத் தப்பும் இல்லை. சந்தேகத்துக்கு அதே ஐவரியை ஒரு அட்டையில் அடித்து, வெள்ளை எதுவும் பக்கத்தில் இல்லாமல் ஒரு மர மேஜை மேல் வைத்துப் பார்த்தேன், பாலாடை மாதிரி அழகாக இருந்தது.

இதற்குக் காரணம் கண் வேலை செய்யும் விதம். பாரிஸில் கோபெலின் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூலில் ஆழம் போதவில்லை, சாயம் சரியில்லை என்று வந்த புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை. நீலம், ஊதா நூல்களுக்குப் பக்கத்தில் நெய்யும்போதுதான் கறுப்பு வெளுத்துத் தெரிந்தது. பக்கத்து நிறம் இந்த நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதை விரிவாக ஆராய்ந்து 1839ல் வெளியிட்டார். நம் சுவரிலும் ஓரத்திலும் நடப்பது அதேதான். பளிச் வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த இள வெள்ளையும் தன்னுள் இருக்கும் சாயலைக் காட்டிக்கொடுத்துவிடும்: மஞ்சள் சாயல் இருந்தால் அழுக்கு, சிவப்புச் சாயல் இருந்தால் ரோஜா, நீலச் சாயல் இருந்தால் ஆஸ்பத்திரி.

அதனால் நான் வைத்திருக்கும் ஒரே விதி: வித்தியாசம் வேண்டும் என்றால் தெளிவாக இருக்கட்டும், வேண்டாம் என்றால் சுத்தமாக இல்லாமல் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஜோடிதான் தவறு நடந்த மாதிரி தெரிகிறது. இதை அளக்க ஒரு எண்ணும் இருக்கிறது. பல கம்பெனிகள் ஒவ்வொரு ஷேடுக்கும் எல்.ஆர்.வி. என்று ஒரு மதிப்பு தருகின்றன, அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரை சொல்வது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100, உண்மையான பெயிண்டில் இரண்டு முனையையும் தொட முடியாது. சுவர் 78, ஓரம் 86 என்று இருந்தால் நான் சொன்ன அந்த நடு ஆபத்து. சுவர் 50, ஓரம் 85 என்றால் தெளிவான வித்தியாசம். பார்வை குறைந்தவர்கள் கதவு எங்கே, சுவர் எங்கே என்று பிரித்தறிவதற்குப் பிரிட்டனின் கட்டிட வழிகாட்டுதல்கள் 30 புள்ளி இடைவெளி கேட்கின்றன. வீட்டில் கண் மங்கிய பெரியவர்கள் இருந்தால் அந்த 30ஐ நினைவில் வையுங்கள். அழகைவிட அது முக்கியம், இரவில் எழுந்து பாத்ரூம் கதவைத் தேடும்போது தெரியும்.

சரி, இரண்டாவது வழி. சுவரும் ஓரமும் ஒரே நிறம், பளபளப்பு மட்டும் வேறு. சுவர் பளபளப்பில்லாத மேட், ஓரங்கள் லேசாக மினுங்கும் சாட்டின் அல்லது அதைவிடப் பளபளக்கும் செமி கிளாஸ். கேட்டவுடன் சப்பென்று இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான். காரணம், சாதாரண வீட்டு அறை ஒன்றில் கண்ணை உறுத்துகிற கோடுகள் ஏராளம்: மூன்று கதவு, அலமாரி சட்டம், சுவிட்ச் பெட்டி, ஜன்னல், ஏசிக்குப் போகும் குழாய் மூடி. ஒவ்வொன்றையும் வெள்ளையில் வரைந்து காட்டினால் அறை துண்டு துண்டாகிவிடுகிறது. ஒரே நிறமாக்கினால் அவை எல்லாம் பின்னால் போய்விடுகின்றன, சீலிங் தாழ்வான அறையில் ஸ்கர்ட்டிங் கோடு மறைந்ததும் சுவர் தரையிலிருந்து நேராக எழுந்து உயரமாகத் தெரிகிறது. ஒரே நிறம் என்றாலும் தட்டையாக இருக்காது. மேட் பரப்பு விழும் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிப்பதால் மேலே மெல்லிய வெண்மை படிந்த மாதிரி இருக்கும். பளபளப்பான பரப்பு அப்படிச் சிதறடிக்காமல் ஒரே திசையில் அனுப்புவதால், அந்த மினுக்கம் நம் கண்ணில் படாத கோணத்தில் அதே நிறம் ஒரு படி ஆழமாகத் தெரியும். சாயங்கால வெயில் சாய்வாக வரும்போது கதவு நிலையின் முனையில் மட்டும் ஒரு ஒளிக்கோடு ஓடுவதைப் பார்த்தால் புரியும், அறையில் அந்த நேரத்துக்கு வேறு அலங்காரமே வேண்டாம்.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒரே ஷேடு எண்ணைச் சொல்லிச் சுவருக்கு நீர் சார்ந்த எமல்ஷனும் ஓரத்துக்கு எண்ணெய் சார்ந்த எனாமலும் வாங்கினால் இரண்டும் ஒத்துவரும் என்று நம்பாதீர்கள். நிறம் கலக்கும் முன் இருக்கும் அடிப் பெயிண்ட் வேறு, அதில் கலக்கும் நிறமிகள் வேறு, பகலில் ஒன்றாகத் தெரிந்தது விளக்கு போட்டதும் ஒன்று பச்சையாகவும் ஒன்று சாம்பலாகவும் பிரிந்து நிற்கும். நீர் சார்ந்த ஒரே வரிசையில் மேட்டும் சாட்டினும் இருக்கிறதா என்று கேட்டு, இரண்டையும் ஒரே நாளில் கலக்கச் சொல்வதுதான் வழி. இரண்டாவது, பளபளப்பு கூடக் கூடப் பரப்பின் குறை பெரிதாகத் தெரியும். பட்டி வைத்த மேடு, பிரஷ் கோடு, பழைய பெயிண்ட் வழிந்த சொட்டு எதுவும் மறையாது. ஓரங்களைத் தேய்த்துச் சமன் செய்யப் பொறுமை இல்லையென்றால் செமி கிளாஸ் வேண்டாம், சாட்டினோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சுவர் வெளிர், ஓரம் அடர். புகைப்படத்தில் பிரமாதமாக இருக்கும். நேரில் அது அறையைப் பொறுத்தது. ஜன்னல் சட்டம் அடர்நிறமாக இருந்தால் கண் சட்டத்தில் நிற்காமல் வெளியே போய்விடுகிறது, வெளியே மரமோ வானமோ பார்க்க ஏதாவது இருந்தால் இதற்கு ஈடு இல்லை. எதிரே மொட்டைச் சுவர் என்றால் அந்த மொட்டைச் சுவருக்கு நீங்களே ஃபிரேம் போட்ட மாதிரி ஆகிவிடும். கதவுகள் அழகாக, ஒரே உயரத்தில், கோணல் இல்லாமல் இருந்தால் அடர் நிறம் அவற்றைப் பெருமையாகக் காட்டும். ஒரு நிலை சாய்ந்திருந்தால் அதையும் காட்டும். சுவரும் நிலையும் சந்திக்கும் கோடு பிசிறில்லாமல் வர வேண்டும், வெள்ளைக்கும் ஐவரிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் யாருக்கும் தெரியாது, கரும்பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவே தள்ளிப்போனால் வாசலில் நிற்பவருக்கே தெரியும்.

அழுக்கு விஷயத்தில் நிறையப் பேருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, அடர் நிறம் என்றால் அழுக்கு தெரியாது என்று. கைரேகை, காலணி இடித்த கறுப்புக் கோடு, மாப் தண்ணீர் தெறித்த கறை எல்லாம் வெள்ளையில்தான் பளிச்சென்று தெரியும், அது உண்மை. ஆனால் ஸ்கர்ட்டிங்கின் மேல்விளிம்பில் தினமும் தூசி உட்காருகிறது, தூசி வெளிர் நிறம், அது கறுப்பு ஸ்கர்ட்டிங்கில் இரண்டே நாளில் வரிசையாகத் தெரியும். இரண்டையும் ஓரளவு மறைப்பது நடுத்தர நிறம்தான். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு, சுவரைவிட மூன்று படி அடர்ந்த அதே குடும்பத்து நிறத்தை ஓரத்துக்குச் சொல்வேன், எல்.ஆர்.வி.யில் 30 புள்ளி இடைவெளி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு.

மரம். நல்ல மரம் இருந்து, வார்னிஷ் அடித்த நிலை இன்னும் உயிரோடு இருந்தால், அதன்மேல் பெயிண்ட் அடிக்கும் முன் நூறு முறை யோசியுங்கள். மற்ற மூன்றையும் பிடிக்காவிட்டால் மாற்றலாம், இதை மட்டும் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம், ரேகைகளுக்குள் இறங்கிய பெயிண்டை முழுவதும் எடுக்க முடியாது. மரத்தை விட்டுவைத்தால் சுவர் நிறத்தை மரத்தின் சாயலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேன் நிற மரத்துக்குப் பக்கத்தில் நீலச் சாம்பல் அடித்தால் மரம் ஆரஞ்சாகக் கத்தும், ஷெவ்ரல் சொன்ன அதே கதை. அந்த ஆரஞ்சு பிடிக்கும் என்றால் அடியுங்கள். மரம் அமைதியாக இருக்க வேண்டும் என்றால் மஞ்சள் கலந்த வெள்ளை, மங்கிய களிமண் நிறம், வெளிர் பழுப்பு என்று மரத்தின் பக்கத்திலேயே இருங்கள்.

இனி, எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதைச் சோதிக்கும் விதம். ஷேடு கார்டில் இருக்கும் தபால்தலை அளவுத் துண்டை நம்பி முடிவு செய்யாதீர்கள். நான்கு சுவரிலும் ஒரே நிறம் வரும்போது ஒரு சுவரிலிருந்து திரும்பும் வெளிச்சம் அடுத்த சுவரில் பட்டு நிறத்தின் மேல் நிறம் ஏறும், அதனால் அறையில் அது கார்டில் பார்த்ததைவிட அழுத்தமாகவே இருக்கும். மனதுக்குப் பிடித்ததற்கு ஒரு படி மங்கியதைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பிள் டப்பா வாங்கி, ஒரு பெரிய அட்டையில் விளிம்பில் வெள்ளை விடாமல் இரண்டு கோட் அடித்து, முழுக்கக் காயவிடுங்கள், எமல்ஷன் ஈரத்தில் பால்போல வெளுத்திருந்து காய்ந்ததும் அடர்வதுதான் வழக்கம். பழைய சுவர் மேலேயே ஒரு திட்டு அடித்துப் பார்ப்பது வேண்டாம், சுற்றியிருக்கும் பழைய நிறம் அதைக் கெடுத்துக் காட்டும். ஓரத்துக்கான நிறத்தை ஒரு மெல்லிய மரப் பலகையில், நீங்கள் உண்மையில் அடிக்கப் போகும் பளபளப்பிலேயே அடித்து, அட்டைக்குப் பக்கத்தில் இடைவெளி விடாமல் நிறுத்துங்கள். மேஜை மேல் படுக்கவைத்துப் பார்த்துப் பயனில்லை, சுவர் நிற்பது போல நிற்க வேண்டும், கீழே உங்கள் தரை இருக்க வேண்டும்.

அப்புறம் வெளிச்சம். நேரடி வெயில் வராத அறைக்குள் வருவது பெரும்பாலும் வானத்து வெளிச்சம், அது நீலம் சார்ந்தது, சாம்பல் நிறங்கள் எல்லாம் அங்கே குளிர்ந்து நீலமாகிவிடும். ஜன்னலுக்கு வெளியே அடர்ந்த செடி இருந்தால் பச்சை உள்ளே வரும், தரை சிவப்பு என்றால் சுவரின் கீழ்ப் பாதியிலும் ஸ்கர்ட்டிங்கிலும் சிவப்பு ஏறும். இரவு விளக்கு இன்னொரு உலகம். 2700 கெல்வின் பல்பு மஞ்சள், 6500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளை, இரண்டுக்கும் கீழே ஒரே பெயிண்ட் இரண்டு நிறம். நான் செய்தது, அந்த அட்டையையும் பலகையையும் மூன்று நாள் அறையில் வைத்து, காலை, உச்சி, மாலை, விளக்கு என்று ஒவ்வொரு சுவராக நகர்த்திப் பார்த்தது. முதல் நாள் சாயங்காலம் பிடித்த பச்சைச் சாம்பல் இரவில் பாசி மாதிரி ஆகி, நீக்கிவிட்டேன். அந்த அறையில் யாரும் பகலில் உட்காருவதே இல்லை. எந்த நேரத்தில் அறையில் அதிகம் இருக்கிறீர்களோ அந்த நேரத்து நிறம்தான் உங்கள் நிறம்.

ஓரங்களுக்கு எண்ணெய் எனாமலா நீர் சார்ந்ததா என்ற கேள்வியும் நிறத் தேர்வோடு சேர்ந்ததுதான், காரணம் எண்ணெய் எனாமல் வெள்ளை, வெளிச்சம் குறைந்த இடத்தில் மஞ்சளாகும். திறந்தே கிடக்கும் கதவின் மறைவுப் பக்கம், பீரோவுக்குப் பின்னால் போகும் ஸ்கர்ட்டிங், அங்கெல்லாம் முதலில் தெரியும். ஓரம் வெள்ளை என்று முடிவு செய்தால் நீர் சார்ந்த எனாமல்தான் என் தேர்வு. அடர் நிறம் என்றால் இந்த மஞ்சள் கவலை இல்லை, எண்ணெய் எனாமல் மடிப்பில்லாமல் படிந்து தரும் வழவழப்பு இன்னும் தனிதான், வாடையும் காயும் நேரமும் பொறுக்க முடிந்தால்.

பழைய ஓரத்தின் மேல் நீர் சார்ந்ததை அடிக்கும் முன் அடியில் இருப்பது என்ன என்று பாருங்கள். மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்த துணியால் தேய்த்தால் நீர் சார்ந்த பெயிண்ட் இளகித் துணியில் நிறம் ஒட்டும், எண்ணெய்ப் பெயிண்ட் அசையாது. எண்ணெய் என்றால் பளபளப்பு போகும்வரை உப்புத்தாள் போட்டு, ஒட்டும் ப்ரைமர் அடித்த பிறகுதான் அடுத்தது, இல்லையென்றால் நகத்தால் கீறினாலே தோல் உரிவது போல உரியும். வீடு மிகப் பழையது என்றால் இன்னொரு படி முன்னால் போக வேண்டும்: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். கட்டிடங்களின் உள்வேலைக்கு வெள்ளை ஈயப் பெயிண்ட் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1921லேயே ஒப்பந்தம் கொண்டுவந்தது, ஆனாலும் பல நாடுகளில் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஈயம் கலந்த பெயிண்ட் புழங்கியது. அது குறிப்பாகக் கதவு, ஜன்னல் எனாமல்களில் அதிகம் இருக்கும். சந்தேகம் இருந்தால் சோதிக்காமல் உலர்ந்த உப்புத்தாளைத் தொடாதீர்கள், அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.

சீலிங்குக்கு மேட் வெள்ளை போதும், அந்த வெள்ளையின் சாயல் சுவரோடு ஒத்துப்போனால் சரி.

என் மூன்றாவது முயற்சியில், கதவுகள் அதிகம் இருந்த நடு அறைக்கு ஓரமும் சுவரும் ஒரே மண் கலந்த சாம்பல், மேட்டும் சாட்டினும். படுக்கையறைக்கு ஆழமான நீலப்பச்சைச் சுவரும் தெளிந்த வெள்ளை ஓரமும், அங்கே ஜன்னல் ஒன்றே ஒன்று, அது நன்றாகவும் இருந்தது. இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கும் கதவுதான் கடைசிவரை இழுத்தது: இந்தப் பக்கம் சாம்பல், அந்தப் பக்கம் வெள்ளை, பக்கவாட்டு விளிம்புக்கு எது? கதவு திறந்து நிற்கும்போது எந்த அறையிலிருந்து அந்த விளிம்பு தெரிகிறதோ அந்த அறையின் நிறம் என்று பெயிண்டர் ஒரே வார்த்தையில் தீர்த்துவைத்தார். தாழ்ப்பாள் பக்கத்து விளிம்பு சாம்பல், கீல் பக்கத்து விளிம்பு வெள்ளை. மீந்த பெயிண்டை இரண்டு கண்ணாடி ஜாடியில் வாய்வரை ஊற்றி இறுக்கமாக மூடி, ஷேடு எண், பளபளப்பு, எந்த அறை, எந்த மாதம் என்று மூடியில் எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் நாற்காலி இடித்து நிலையில் ஒரு சின்ன இடம் பெயர்ந்தது, ஜாடியைத் திறந்து சின்ன பிரஷ்ஷால் தொட்டுவிட்டேன், இப்போது அந்த இடம் எது என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது.